மஞ்சள் துணி கட்டிய வெள்ளை மைவி

கடைசி எலுமிச்சம்பழம் நசுங்க மறுத்தது.

மற்ற மூன்றும் சக்கரத்துக்கு அடியில் ஒழுங்காகச் சப்பென்று போயின. பின்பக்கத்து இடது சக்கரத்துப் பழம் மட்டும் வழுக்கிக்கொண்டு, வாசல் கேட்டைத் தாண்டி, கால்வாயை நோக்கி உருண்டது. என் கொழுந்தன் மோகன் செருப்பை உதறிவிட்டு அதன் பின்னால் ஓடினார்.

"அண்ணி, பழமே பயந்து ஓடுது லா!"

அவர் மனைவி ராணி சிரித்தாள். எதிர்வீட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மலாய்க்கார அக்கா, குழாயை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எங்கள் காரின் பின் இருக்கையில், கட்டுப் போட்ட காலை இரண்டு தலையணைமேல் நீட்டிப் படுத்திருந்த என் கணவரும் சிரித்தார்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான்.

மோகன் பழத்தைத் துடைத்து மறுபடி வைத்தார். கிளட்சை விட்டேன். இந்த முறை நசுங்கியது. எலுமிச்சை வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. கிள்ளானிலிருந்து டுங்கூனுக்கு, இந்த நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு, எங்கள் பயணம் அப்படித்தான் தொடங்கியது.

பரவாயில்லைம்மா

எங்கள் மகள் நிவேதா டுங்கூனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. வேலை கிடைத்துப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவளுடைய வாடகை வீட்டை நாங்கள் வீடியோ காலில் மட்டும்தான் பார்த்திருந்தோம்.

முதல் முறை கிளம்ப இருந்தபோது அங்கே வெள்ளம். இரண்டாம் முறை, தெலுக் பங்லிமா காராங்கில் என் கணவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. மூன்றாம் முறை சுபாங் ஜெயாவில் தவிர்க்க முடியாத ஒரு கல்யாணம். ஒவ்வொரு முறையும் நான் போன் செய்து சொன்னபோது அவள் ஒரே பதில்தான் சொன்னாள்: "பரவாயில்லைம்மா."

முதல் 'பரவாயில்லை'யில் வருத்தம் இருந்தது. இரண்டாவதில் கோபம் இருந்தது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னாள். அந்த மூன்றாவதுதான் என்னைப் பல நாள் உறுத்தியது.

நான்காம் முறை பள்ளி விடுமுறைக்குப் போவதென்று முடிவாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, என் கணவர் பூப்பந்து ஆடப் போய், ஐம்பத்தாறு வயதில் இருபத்தாறு வயதுக்காரனைப் போல் எம்பி அடித்து, கால் எலும்பில் விரிசலோடு திரும்பி வந்தார்.

"போன் பண்ணிச் சொல்லிடு. அவளுக்குப் புரியும்," என்றார்.

"சொல்ல மாட்டேன். நான் ஓட்டறேன்."

அவர் என்னைப் பார்த்தார். கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கால் எவ்வளவோ தேவலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

அவர் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் கார் ஓட்டுவது வீட்டிலிருந்து பள்ளிக்கு, பள்ளியிலிருந்து காய்கறி வாங்கப் பாசாருக்கு. மாதத்தில் ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அக்கா வீட்டுக்கு. எங்கே போனாலும் இடது ஓரம். முன்னால் ஏதாவது ஒரு வண்டி போய்க்கொண்டிருக்க வேண்டும். லோரி என்றால் இன்னும் நிம்மதி. அது போகும் வேகத்தில், அது திரும்பும் இடத்தில் நானும் திரும்பிப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

அப்பாவின் கடைசிப் பெட்டி

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில்தான் போய் நிற்கிறது.

என் அப்பா சரக்கு ரயிலில் கார்டு. வண்டியின் கடைசிப் பெட்டிதான் அவர் இடம். ஒருமுறை, யாரிடம் அனுமதி வாங்கினாரோ தெரியாது, என்னையும் அதில் ஏற்றிக்கொண்டார். இரும்பும் வெயிலும் கலந்த ஒரு வாசனை. பின்பக்கத்து ஜன்னலில் தண்டவாளம் எங்களிடமிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. மரங்கள், குடிசைகள், கையசைத்த பிள்ளைகள் எல்லாமே எங்களைக் கடந்து போன பிறகுதான் கண்ணில் பட்டன.

"முன்னாடி என்னப்பா வருது?" என்று கேட்டேன்.

"அது டிரைவருக்குத் தெரியும். நமக்கு எதுக்கு?" என்றார். சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தார்.

நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

அதனால் இந்தப் பயணத்துக்கும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மோகனும் ராணியும் அவர்களுடைய வெள்ளை மைவி காரில் முன்னால் போவார்கள். நான் எங்கள் பழைய கறுப்புக் காரில் பின்னால் போவேன். தெமர்லோ வரைக்கும்தான். அங்கே மோகன் எங்கள் காருக்கு மாறிக்கொள்வார், ராணி மைவியை ஓட்டுவாள்.

"அதுக்கு மேல உங்களுக்குக் கஷ்டம் அண்ணி," என்றார் மோகன். "பாதி வழி நீங்க ஓட்டினதே பெரிய விஷயம்னு நிவேதாகிட்ட நான் சொல்றேன்."

அந்தப் 'பாதி' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் தைரியம் இல்லை.

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் லேபிள் பைத்தியம் தெரியும். பள்ளி ஆய்வுக்கூட உதவியாளராக இத்தனை வருடம் இருந்ததில், அமிலப் புட்டியில் தொடங்கி வீட்டு ஊறுகாய் ஜாடிவரை பெயர் எழுதி ஒட்டாமல் எதையும் வைக்க மாட்டேன். நம் நாட்டு ரோட்டில் வெள்ளை மைவிக்குப் பஞ்சமா? அதற்கும் ஓர் அடையாளம் வேண்டுமே. ஒரு மஞ்சள் துணியைக் கிழித்து, மோகன் காரின் பின்பக்கத்து வைப்பரில் இறுக்கி முடிந்தேன்.

"என்னா அண்ணி, என் காருக்குக் காப்புக் கட்டறீங்களா?"

"தூரத்துல இருந்தே தெரியணும் மோகன்."

நானே கட்டிய அடையாளம் இருக்கிறது என்ற தைரியத்தில், கார் எண்ணை மனப்பாடம் செய்யவில்லை. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மலை

கோம்பாக்கைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது என் உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. இடது பக்கம் சுண்ணாம்பு லோரிகள் முக்கி முக்கி ஏறின. பின் இருக்கையிலிருந்து என் கணவர், நல்ல காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"கியர் மாத்து. மாத்து. மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு."

"அப்ப ஏன் சத்தம்?"

"அது நீங்க போடற சத்தம்."

என் பக்கத்து இருக்கையில் இட்லி மாவு வாளி. அரைத்த மாவு அங்கே கிடைக்காது என்று நிவேதா எப்போதோ சொல்லியிருந்தாள். 'இட்லி மாவு: நிவேதா' என்று மூடியில் எழுதி ஒட்டி, கவிழாமல் இருக்க பெல்ட்டும் போட்டிருந்தேன்.

மலைச் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து வெளியே வந்தபோது காற்றே மாறியிருந்தது. குளிர்ச்சி. ஈர மண் வாசனை. கெந்திங் செம்பா ஓய்வு நிலையத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. ராணி என் கையைப் பிடித்து, "அண்ணி, ஏறிட்டீங்க!" என்று குதித்தாள்.

புளிச்சாதம் சாப்பிட்டோம். என் கணவர் வலி மாத்திரை போட்டுக்கொண்டார். அதற்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கி, கார் நிறுத்துமிடம் முழுக்கப் பால் கொட்டியதுபோல் ஆகிவிட்டது.

"நான் வெளியே போற வழியில நிக்கிறேன் அண்ணி. நீங்க அண்ணனை ஏத்திட்டுப் பின்னாடியே வந்துருங்க," என்று மோகன் முன்னால் போய்விட்டார்.

என் கணவரை ஏற்றி, காலைத் தூக்கி வைத்து, தலையணையைச் சரிசெய்து, வண்டியை எடுத்தேன். வெளியே போகும் வழியில் பனிக்குள் ஒரு வெள்ளை மைவி மெல்ல நகர்ந்தது. வைப்பரில் மஞ்சள் துணி ஆடியது.

பின்னால் போனேன்.

மோகனுக்கு என்ன ஆயிற்று?

சிறிது தூரம் மெதுவாகத்தான் போனோம். என் கணவர் குறட்டை விடத் தொடங்கினார். பிறகு மைவி இன்னும் மெதுவானது. லோரிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. நான் மிரளக்கூடாது என்று மோகன் பார்த்துப் போகிறார் என்று நினைத்தேன். நானும் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

அது இடது ஓரம் போனது. நானும் போனேன். வலது பக்கம் வந்தது. நானும் வந்தேன்.

திடீரென்று மைவி பறந்தது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. விளையாடிப் பார்க்கிறாரா? 'பாதி வழி' என்று சொன்னவர்தானே? மிதித்தேன். எங்கள் காரில் ஐந்தாவது கியர் இருப்பது எனக்குத் தெரியும். அதைப் போட்டதில்லை. அன்று போட்டேன்.

அந்தப் பழைய கார் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அமைதியாகிவிட்டது. இத்தனை வருடமும் இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் ஓடியது. ஒரு லோரியைத் தாண்டினேன். ஒரு சுற்றுலா பஸ்ஸைத் தாண்டினேன். செம்பனை எண்ணெய் ஏற்றிய டாங்கி லோரி ஒன்று. அதையும் தாண்டியபோது என்னையறியாமல் "ஹேய்!" என்று கத்தினேன். கேட்க மாவு வாளி மட்டும்தான் விழித்திருந்தது.

தெமர்லோ பலகை வந்தது. இங்கே மாற்றிக்கொள்ள வேண்டும். மைவி ஒதுங்கும் என்று காத்திருந்தேன். அது ஒதுங்கவில்லை. ஓய்வு நிலையத்தைத் தாண்டி நேராகப் போனது.

மோகன் நிற்கவில்லை! நான் ஓட்டுவதைக் கண்ணாடியில் பார்த்து, அண்ணியே ஓட்டட்டும் என்று விட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தை எப்படி எழுதுவது? பெரும் பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல், தனியாக, சத்தமாகச் சிரித்துக்கொண்டு ஓட்டினேன்.

மாரான் சந்திப்பு வந்ததும் மைவி சட்டென்று நெடுஞ்சாலையை விட்டு இறங்கியது. மாரான் முருகன் கோயிலைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இங்கே உண்டா? காலையில் பழம் உருண்டு ஓடியது ராணிக்கு உறுத்தியிருக்கும், கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்றிருப்பாள் என்று நினைத்தேன். நானும் இறங்கினேன்.

ஸ்டீயரிங் பூட்டு

கோயில் வாசலில், நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்து மைவி நின்றது. பக்கத்தில் நிறுத்தினேன்.

மைவியின் கதவு திறந்தது. இறங்கியவர் மோகன் இல்லை. அறுபது வயதிருக்கும், நல்ல உயரம், வேட்டி. கையில் ஸ்டீயரிங் பூட்டு. அந்த இரும்புத் தடியை ஓங்கிப் பிடித்துக்கொண்டு என் கார்ப்பக்கம் வந்தார்.

"ஹலோ பாஸ்! யாரு நீங்க? என்னா வேணும் உங்களுக்கு?"

எங்கள் காருக்குக் கறுப்புக் கண்ணாடி. கதவைத் திறந்து இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு இறங்கினேன்.

"ஐயோ, என்னாங்க, பொம்பள லா!" மைவிக்குள்ளிருந்து ஓர் அம்மாளின் குரல் வந்தது.

அந்த அங்கிள் தடியை இறக்கவில்லை. "கெந்திங்ல இருந்து எங்க பின்னாடியே வரீங்க. நான் மெதுவா போனா நீங்களும் மெதுவா போறீங்க. ஓரமா போனா ஓரமா வரீங்க. கொள்ளைக்காரன்னு நினைச்சு நான் பறந்தா, நீங்களும் பறக்கறீங்க! நான் என்னா நினைக்கிறது?"

"மன்னிச்சிருங்க அங்கிள். என் கொழுந்தன் கார்னு நினைச்சேன். அதுவும் வெள்ளை மைவி. அதுலயும் மஞ்சள் துணி கட்டியிருந்தேன்."

அவர் திரும்பித் தன் கார் வைப்பரைப் பார்த்தார்.

"அது வேண்டுதல் துணி," என்று அந்த அம்மாள் இறங்கி வந்தார். "மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கு. செமினியில இருந்து வரோம்." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கார்மேல் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்களைப் பாத்து இவரு முருகனைக் கூப்பிட்ட கூப்பாடு இருக்கே. மாரான் வர்ற வரைக்கும் நிறுத்தலை!"

அங்கிளும் ஒருவழியாகத் தடியை இறக்கினார். "நான் லோரி ஓட்டி ரிட்டையர் ஆனவன் ஆன்டி. எத்தனையோ பேரைக் கழட்டிவிட்டிருக்கேன். உங்களைக் கழட்ட முடியல லா."

அப்போதுதான் என் கணவர் விழித்தார். தலைமுடி ஒருபக்கமாக நிமிர்ந்து நின்றது.

"எங்க இருக்கோம்?"

"மாரான்ல."

"மாரானா? மோகன் எங்க?"

தலையணைக்கு அடியிலிருந்த அவருடைய போன் முழுக்க மோகனின் அழைப்புகள். சத்தத்தை அணைத்துவிட்டுத் தூங்கியிருந்தார். என் போன் கைப்பைக்குள், கைப்பை காரின் டிக்கியில், 'முதலுதவி' என்று எழுதிய பெட்டிக்குக் கீழே.

முன்னால் யாரும் இல்லை

திருப்பி அழைத்தபோது மோகன் இன்னும் கெந்திங் செம்பாவில்தான் இருந்தார். பனிக்குள் ஒவ்வொரு கறுப்புக் காராக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ராணி பெண்கள் கழிப்பறையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"அண்ணி, அங்கேயே இருங்க. அசையவே அசையாதீங்க. நான் வந்து உங்க காரை எடுத்துக்கறேன்," என்றார்.

"அதான் சரி," என்றார் என் கணவர். "நிழல்ல நிறுத்து. அவன் வரட்டும்."

இத்தனை தூரமும் என்னை யாரும் அழைத்து வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துபோய் ஓடிய ஒருவரைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறேன். தெமர்லோவில் மோகன் என்னை நம்பிவிடவும் இல்லை. அவர் அங்கே இருக்கவே இல்லை.

டிக்கியிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்திருந்த என் போன் துடித்தது. நிவேதாவின் செய்தி. என் கணவர் படித்தார்: "கிளம்பிட்டீங்களா இல்லையா? முடியலைன்னா பரவாயில்லைம்மா."

நான்காவது.

"என்னா பதில் போட?" என்று கேட்டார்.

"ஒண்ணும் போடாதீங்க."

மோகனை மறுபடி அழைத்தேன். "மோகன், நீங்க நேரா டுங்கூனுக்கு வந்துருங்க. நான் போயிட்டே இருக்கேன்."

"யாரு பின்னாடி அண்ணி?" என்று கேட்டார். பாவம், எனக்கு வேறு விதமாக ஓட்டத் தெரியாது என்பது அவருக்கும் தெரியும்.

"யாரு பின்னாடியும் இல்ல."

செமினி அம்மாள் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கல் கட்டிக் கொடுத்தார். கோயில் வாசலில் நின்று ஒரு கும்பிடு போட்டேன். அங்கிள் எங்கள் காருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, போலீஸ்காரரைப் போல் கையை நீட்டி என்னை ரோட்டில் ஏற்றிவிட்டார்.

மறுபடி நெடுஞ்சாலை. முன்னால் ஒன்றுமே இல்லை.

வெயிலில் மின்னும் தார். இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். எந்த வேகத்தில் போவது என்று சொல்ல ஒரு வண்டி இல்லை. பிறகு ஒரு மேட்டில் ஏறியபோது, கீழே ரோடு நெடுந்தூரத்துக்கு விரிந்து கிடந்தது. இடையில் யாரும் இல்லாமல் அவ்வளவு பெரிய ரோட்டை நான் பார்த்ததே இல்லை. அப்பாவின் ரயிலில் முன்பெட்டியில் இருந்தவருக்கு தினமும் இதுதான் தெரிந்ததா? அவர் ஏன் கீழே இறங்கி யாரிடமும் சொல்லவில்லை?

ஐந்தாவது கியர்.

பின் இருக்கையில் பிரேக் மிதிக்கும் கால் ஓய்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து என் கணவர் பலகைகளைப் படிக்கத் தொடங்கினார். "கம்பாங் வருது. அடுத்து குவாந்தான். நேரா போ." பிறகு, "நல்லாத்தான் ஓட்டற," என்றார். சொன்னது காதில் விழுந்ததா என்று எட்டிப் பார்த்தார். விழாததுபோல் இருந்தேன். இன்னொருமுறை சொல்லட்டும் என்று.

குவாந்தானைத் தாண்டியதும் மாவு பொங்கி வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. புளித்த வாசனையும் சர்க்கரைப் பொங்கலின் நெய் வாசனையும் காரை நிறைத்தன. திரங்கானுவுக்குள் நுழைந்து, கரையோரச் சாலைக்கு இறங்கினோம். தென்னை மரங்களுக்கு நடுவில் நீலம் எட்டிப் பார்த்தது. கடல் என் பக்கத்து ஜன்னலில் வந்தது.

ஏறு

நிவேதாவின் வீட்டு வாசலில் ஹாரன் அடித்தபோது மாலை வெயில் இருந்தது. கையில் சிவப்புப் பேனாவோடு வெளியே வந்தாள். காரைப் பார்த்து அப்படியே நின்றாள். முன் இருக்கையில் எட்டிப் பார்த்தாள். பெல்ட் போட்ட வாளி. பின்னால் பார்த்தாள். படுத்திருக்கும் அப்பா. கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா எங்க?"

"பின்னாடி வராரு."

"அப்ப யாரு ஓட்டினது?"

"மாவு வாளி ஓட்டுச்சு," என்றார் அவள் அப்பா. "கேக்கறா பாரு கேள்வி."

அவள் என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். ஸ்டீயரிங்கில் இருந்த என் கையைத் தொட்டாள். அதன் பிறகுதான் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

"அம்மா, நான் ஒண்ணுமே சமைக்கல. ஒரு டம்ளர் அரிசிகூடக் களையல." பேனா மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நீங்க வருவீங்கன்னு நான் நினைக்கல."

மூன்று முறை போன் செய்தவள் நான். வாளியின் பெல்ட்டைக் கழற்றி, வழிந்த மாவைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தேன். மூடியில் தன் பெயரைப் படித்தாள்.

"உள்ள வச்சிட்டு, செருப்பைப் போட்டுட்டு வா."

"எங்கம்மா?"

"முதல்ல கடல். அப்புறம் சாப்பாட்டுக் கடை. ஏறு."

"நான்?" என்றார் என் கணவர்.

"நீங்க அப்படியே படுங்க."

அவள் ஓடிப் போய், ஓடி வந்து, வாளி இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். சீட்டில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்தேன்.

"அம்மா, மெதுவா!" என்று சிரித்துக்கொண்டே கத்தினாள்.

மெதுவாகத்தான் போனேன். ஐந்தாவது கியர் போட அந்தத் தெருவில் இடமில்லை.